மர்மோட் கொழுப்பு

ஓத்மாருக்கு மாட்டைத் தெரியும், பாலாடைக்கட்டியைத் தெரியும், தன் நாயைப் பற்றித் தெரியாதது எதுவுமே கிடையாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான், பாவி மனுஷன்.

பிளெஸ் நொண்ட ஆரம்பித்தது ஜூலையில். ஏழு வயது, ஐம்பது கிலோ, பாலாடைக்கட்டி வண்டி இழுக்கும் பெரிய நாய். முன்னங்காலில், பாதத்துக்குச் சற்று மேலே, லேசாக வீங்கியிருந்தது.

"டாக்டர்கிட்ட காட்டிடலாமே," என்றாள் மனைவி ஆகதா.

"வண்டி இழுக்கிற நாய்க்குச் சுளுக்கு வராம உனக்கா வரும்? எங்கப்பா காலத்துலேருந்து இதுக்கு ஒரே மருந்துதான்."

மலைப்பொந்தில் பிடித்த மர்மோட் என்ற பெரிய மலையணிலின் கொழுப்பை உருக்கிவைத்த தகர டப்பா அந்தப் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் உண்டு. மனுஷன் முட்டிக்கும் அதுதான், மாட்டுக்கும் அதுதான். தினமும் மாலையில் தேய்த்துவிட்டான். மூடி 'டக்'கென்று திறந்தால் போதும், பிளெஸ் வந்து காலை நீட்டிவிடும். நாலே நாளில் நொண்டல் குறைந்தது. அவனுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா? உன் டாக்டர் வந்து என்னத்தைக் கிழிச்சிருப்பாங்க?"

நொண்டல் திரும்ப வந்தது, போனது, மறுபடி வந்தது. வீக்கம் மட்டும் போகவேயில்லை, கல்லாக இறுகியது. ஆகதா மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். செப்டம்பரில், கோடை மேய்ச்சல் முடிந்து மாடுகள் பூச்சூடி மலையிறங்கும் திருவிழா நாளில் பிளெஸ்தான் வண்டியோடு முன்னால் நடக்க வேண்டும், அது முடியட்டும் என்றான்.

அன்று ஊரே பார்த்துக்கொண்டிருக்க, தேவாலயத் திருப்பத்தில் அந்தக் கால் முறிந்தது. தடுக்கவில்லை, இடறவில்லை. சும்மா நடக்கும்போதே முறிந்தது. அது கதறிய கதறலில் பின்னால் வந்த மாடுகள் நின்றுவிட்டன.

டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டினாள். "எலும்புப் புற்றுநோய். பெரிய நாய்ங்களுக்குத்தான் அதிகம் வரும். அடியே படாம ஒரே இடம் வீங்கி, விட்டுவிட்டு நொண்டினா உடனே படம் எடுத்துப் பாக்கணும். நுரையீரலுக்கும் பரவிடுச்சு."

"ஜூலையிலயே கூட்டிட்டு வந்திருந்தா?" என்று கேட்டான் ஓத்மார்.

"பொழைச்சிருக்கும்னு சொல்லமாட்டேன். ஆனா காலை எடுத்திருந்தா வலி போயிருக்கும். இவ்வளவு வலியோட வண்டி இழுத்திருக்காது."

ஆகதா பிளெஸின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். "போதும், ஊசி போட்டு அனுப்பிடலாம்," என்று அவனே சொன்னான். சொன்ன வாயை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

டாக்டரம்மா ஊசிப் பெட்டியைத் திறந்தாள். தகர மூடி 'டக்'கென்றது.

பிளெஸ் தலையைத் தூக்கி ஓத்மாரைப் பார்த்தது. பிறகு, கட்டுப்போட்டிருந்த அந்தக் காலையே அவன் பக்கமாக மெல்ல நகர்த்தப் பார்த்தது, தேய்த்துவிடச் சொல்லி.