முயல் மேட்டு வளைவு

ஜெர்மனியின் எர்லாங்கன் நகருக்கு வெளியே, பழைய கிறிஸ்தவ மடத்து நிலத்தில், புல் மூடிய மூன்று நீள மேடுகள் இருந்தன. புதுச் சாலை அவற்றின் மேல்தான் வரவிருந்தது. ஆதிகாலக் கல்லறைகள் என்று நம்பி எங்கள் பேராசிரியர் ஹார்ட்விக் நான்கு வாரம் தோண்டினார். எலும்பும் இல்லை, பானை ஓடும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை, 'இங்கே ஒன்றுமில்லை' என்று சாலைத் துறைக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். 1972 செப்டம்பர் அது.

வியாழக்கிழமை வகுப்பில் நான் கையைத் தூக்கினேன். நான் சியாமளா, திருச்சியிலிருந்து மண்ணியல் படிக்க வந்தவள். கல்லறை இல்லை, முயல் பண்ணை என்றேன். மடத்து நிலம் முழுக்கக் களிமண், முயல் வளை தோண்ட ஆகாது. மேட்டில் மட்டும் ஆற்று மணல். கறிக்கு முயல் வளர்த்த அந்தக் காலத் துறவிகள், அவை சுகமாகக் குடியிருக்க மணலைக் குவித்து உள்ளே கல்லால் வளையும் கட்டியிருப்பார்கள். பிடிப்பதும் சுலபம்.

எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை. நாளை மாலைக்குள் வளையைக் காட்டு என்றார்.

அந்த ஊரில் வேலை பார்த்த என் நண்பர், கட்டடப் பொறியாளர் கோபாலன் மறுநாள் லீவு போட்டு, ரசமட்டத்தோடு சைக்கிளில் வந்தார்.

"தயிர்சாதம் சாப்பிடற பொண்ணு, முயல் கறிக்கு ஆதாரம் தேடறா," என்றார்.

"பேசாம தோண்டுங்க கோபாலன்."

மூன்று மணிக்கு மண்வெட்டி கல்லில் இடித்தது. தட்டைக் கற்களால் மூடிய, அரைச் சாண் அகலப் பாதை. பேராசிரியர் குனிந்து பார்த்தார். வடிகாலாக இருக்கலாமே என்றார். கடிதம் அவர் சட்டைப்பையில் இருந்தது.

வளையல்களைக் கழற்றிக் கோபாலனிடம் கொடுத்துவிட்டுக் குப்புறப் படுத்தேன். தோள் வரை கை போனது. விரலில் தட்டுப்பட்டது பானை அளவுக்கு ஒரு சின்ன அறை. சுற்றிலும் கல், அதிலிருந்து வெளியே போக வேறு வழியில்லை. கோபாலன் பாதையின் அடியில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நின்றது.

"வாட்டமே இல்ல. இதுல சொட்டுத் தண்ணி ஓடாது. வாட்டமில்லாம எவன் வடிகால் கட்டுவான்?"

அதை நான் ஜெர்மனில் சொன்னேன். பேராசிரியரும் கோட்டைக் கழற்றிப் படுத்தார். அவருடைய தடித்த கை முழங்கையோடு நின்றுவிட்டது. முயல் நுழையும் அளவுதான் என்றார். எழுந்து மண்ணைத் தட்டினார், கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார்.

சாலை மேடுகளைச் சுற்றி வளைந்து, நாற்பது மீட்டர் விலகிப் போனது. வரைபடத்தில் 'கல்லறைகள்' என்பதை அவரே அடித்துவிட்டு, 'முயல் மேடுகள், கண்டறிந்தவர் சியாமளா நடேசன்' என்று எழுதினார்.

அந்த வளைவில் ஆளே இல்லாவிட்டாலும், அந்தக் காலத்து முயல்களுக்காக நான் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டுதான் திரும்புவேன்.