இன்னொருத்தர் நாடகம்

கடற்கரை நாடகக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. தன் நாடகத்தைப் பற்றித் தானே வாயைத் திறக்கக் கூடாது. இன்னொருவர் எழுந்து நின்று, இதை மேடையேற்றலாம் என்று பேச வேண்டும். பேச ஆள் கிடைக்காத நாடகம் அந்த வருஷத்துக்குப் பெட்டிக்குள் போய்விடும்.

அதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு வழக்கமும் உண்டு. நீங்கள் யாருக்காகப் பேசினீர்களோ, அவர் அந்த வருஷம் உங்களுக்காகப் பேசக் கூடாது. செயலாளர் ஜானகிராமன் கோர்ட்டில் பிரெஞ்சுக்காரர்களிடம் குமாஸ்தாவாக இருந்தவர். சட்டம் என்றால் அவருக்குச் சர்க்கரை. "வச்சதத் திருப்பி வைக்கிறதுக்கு இது கல்யாண மொய் இல்ல, நாடகம்" என்பார்.

செல்வாம்பாளுக்கு வினையாய் வந்தது இந்த இரண்டாவது வழக்கம்தான்.

அவள் பெண்கள் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியை. மதராஸில் தங்கி ரசாயனம் படித்து பி.எஸ்ஸி. வாங்கியவள். வகுப்பில் கூடக் கரும்பலகையைப் பார்த்துத்தான் பேசுவாள். ஆனால் பிறர் நாடகத்துக்காகப் பேச எழுந்தால் மட்டும் அவளுக்குக் குரல் வந்துவிடும். என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, கடைசியில் என்ன மிஞ்சுகிறது, அவ்வளவுதான் சொல்வாள். கேட்டவர்கள் நாடகத்தையே பார்த்துவிட்டதுபோல் ஓட்டுக்குக் கையைத் தூக்குவார்கள்.

குழுவில் சேர்ந்ததிலிருந்து வருஷா வருஷம் அவள் பேசியது சிராஜுதீனின் நாடகங்களுக்கு. பெரிய கடைத்தெருவில் மாமாவின் ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். துணிக்கட்டு சுற்றி வரும் காக்கித் தாளை வெட்டி அதில்தான் எழுதுவான். அவன் நாடகத்தைக் கையில் வாங்கினால் புதுத்துணி வாசனை அடிக்கும். அவன் நாடகங்கள் எல்லாமே மேடையேறின.

அவளுடைய 'எதிர்வீடு' எல்லா வருஷமும் பெட்டிக்குள் போனது. தெருவின் இரு பக்கமும் இரண்டு பெண்கள். ஒருவரோடொருவர் பேசியதே இல்லை. ஒருத்தி கோலம் போடுவதை மற்றவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். படித்தவர்கள், "நல்லா எழுதியிருக்கம்மா. ஆனா மேடையில என்ன நடக்குது?" என்று திருப்பிக் கொடுத்தார்கள். சிராஜுதீன் மட்டும் வேறு மாதிரி சொன்னான்.

"அந்தக் கோலம் போடற எடம் இருக்குல்ல டீச்சர், அத ரெண்டு வாட்டி படிச்சேன்."

அதை வைத்துக்கொண்டே அவள் ஒரு வருஷத்தை ஓட்டினாள். தான் எழுதியதை ஒரு வாயாவது மேடையில் சொல்லக் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் அவன் எழுந்து நின்று அதற்காகப் பேச வேண்டும். இரண்டும் அவளுக்கு ஒரே ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அவனுக்குப் பேசுகிறவரை அவன் அவளுக்குப் பேச முடியாது.

ஆகவே 1958-இல் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். இந்த வருஷம் பாவாடை அண்ணனின் நாடகத்துக்குப் பேசுவது. பாவாடை வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், பகலில் மில் வேலை. அவர் எழுதிய 'வரப்புத் தகராறு' படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது. அதற்குப் பேசுவது ஒன்றும் பொய்யில்லை. சிராஜுதீனுக்கு வேறு யாராவது பேசிவிடுவார்கள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்து மாடி ஹாலில் கூட்டம். ஜன்னல் வழியே கடலும், புயலில் இடிந்துபோன கப்பல் பாலத்தின் தூண்களும் தெரிந்தன. ஜானகிராமன் மணியை அடித்து "சிலான்ஸ்!" என்று பிரெஞ்சில் சத்தத்தை அடக்கினார். முதலில் எடுத்தது சிராஜுதீனின் 'சைகோன் கப்பல்'.

"யார் பேசறீங்க?"

எல்லோரும் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனுக்குச் சிப்பாயாகப் போனவன் வருஷக்கணக்காகத் தகவல் இல்லாமல் இருக்கிறான். ஊர் அவனை மறந்துவிட்டது, மனைவி மறக்கவில்லை. ஒருநாள் கப்பல் வந்திருக்கிறது என்கிறார்கள். அவன் வந்து கதவைத் தட்டுகிறான். ஹாலில் அதற்காகப் பேச யாரும் எழுந்திருக்கவில்லை.

"இன்னா பாய், வழக்கமா எழுதற மாதிரி இல்லியே" என்றார் பாவாடை, தலையைச் சொறிந்துகொண்டு. "எனக்கே கஷ்டமா இருக்குது."

"ஆளில்லேன்னா பெட்டிதான்" என்றார் ஜானகிராமன்.

சிராஜுதீன் பதில் சொல்லக் கூடாது. வழக்கம் அது. மடியில் கிடந்த காக்கித் தாளின் மடிப்பைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து நீவிக்கொண்டிருந்தான். செல்வாம்பாள் அந்த விரலைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. அடுத்த நிமிஷம் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தப் பொம்பள அவன் வர்றதுக்காகக் காத்திருக்கல" என்று ஆரம்பித்தாள். "காத்திருந்து காத்திருந்து அதுவே அவளுக்கு வேலையாப் போச்சு. வெளக்கு ஏத்தறது மாதிரி, தண்ணி எடுக்கறது மாதிரி. அப்ப கதவு தட்டற சத்தம் கேக்குது. அது யார் கைன்னு அவளுக்குத் தெரியும். எழுந்து வர்றா. தாழ்ப்பாள்ல கை வைக்கறா. ஆனா தெறக்கல. 'யாரு?'ன்னு கேக்கறா. அவனுக்குப் பதில் வரல. நான்னு சொல்லலாம், பேரச் சொல்லலாம், ஒன் புருஷன்னு சொல்லலாம். எதுவும் சொல்ல முடியல. அவ்வளவுதான். திரை."

"அடேங்கப்பா" என்றார் பாவாடை. "நான் படிச்சப்ப இது கண்ணுல படவே இல்லியே." கைகள் தூக்கப்பட்டன.

பாவாடையின் நாடகத்துக்கு வேறொருவர் பேசினார். கடைசியாக 'எதிர்வீடு' வந்தது. ஜானகிராமன் வாயைத் திறப்பதற்குள் நாற்காலி இழுபட்டது. சிராஜுதீன் பாதி எழுந்திருந்தான்.

"முசே சிராஜ், ஒக்காருங்க. டீச்சர் ஒங்களுக்குப் பேசிட்டாங்க. இந்த வருஷம் ஒங்களுக்கு வாய்ப்பூட்டு."

அவன் நின்ற நிலையில் ஒருமுறை அவளைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்தான். அவன் எழுந்திருக்காமலே இருந்திருந்தால் கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. 'எதிர்வீடு' பெட்டிக்குள் போனது.

மாடிப்படியில் சிராஜுதீன் அவள் பின்னாலேயே இறங்கி வந்தான்.

"டீச்சர், என் நாடகத்துல அப்படி இல்லியே."

"எப்படி இல்ல?"

"அவ 'யாரு'ன்னு கேக்கறதே கெடையாது. கதவு தட்டினதும் ஓடிப்போய்த் தெறக்கறா, கால்ல விழுந்து அழறா. நீங்க படிக்கலியா?"

அவள் படித்திருந்தாள். படித்த பக்கத்தை இப்போது நினைத்துப் பார்த்தால் அது அப்படித்தான் இருந்தது. ஓடுகிறாள், திறக்கிறாள், விழுகிறாள். ஆனால் எழுந்து பேசியபோது அவள் கண்முன் இருந்தது வேறு. அதைத் தான் சேர்த்தோம் என்றே தெரியவில்லை.

"செயலாளர் ஐயாகிட்டப் போய்ச் சொல்லிடறேன். தப்பாச் சொல்லி ஓட்டு வாங்கிட்டேன்."

"அய்யோ, சொல்லிடாதீங்க. இனிமே அதான் நாடகம். எனக்கு மூளைல உறைக்காதது ஒங்களுக்கு உறைச்சிருக்கு." கொஞ்சம் நின்று, "ஒங்க பேரையும் சேத்துப் போடச் சொல்றேன்" என்றான்.

"ஒரு வார்த்தைக்கா? வேணாம்."

"ஒரு வார்த்தையா அது?"

அவள் விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

ஒத்திகை தொடங்கியது. மனைவி வேஷம் பாவாடைக்கு. அதற்காக மீசையை எடுத்தார். எடுத்த அன்றிலிருந்து ஒரே புலம்பல். "வூட்டுக்குப் போனா எம்பொண்டாட்டி வாசல்லியே நிறுத்தி யாருன்றா. நாடகத்துல நான் கேக்கணும், வூட்ல அவ கேக்கறா. நடுவுல போனது எம் மீச."

ஆனால் மேடையில் அந்த 'யாரு' மட்டும் அவருக்குப் படியவே இல்லை.

"யாரூ!"

"ஓய், மாடு திருட வந்தவனையா கேக்கறீர்?" என்றார் ஜானகிராமன். "மெதுவா."

"யாரு..."

"இது சுரம் வந்தவ கேக்கற மாதிரி இருக்கு."

பாவாடை முக்காட்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். "டீச்சரம்மா, இது நீங்க சொன்னது. நீங்களே ஒரு வாட்டி சொல்லிக் காட்டிடுங்க. அப்படியே புடிச்சிக்கறேன்."

அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். அவர் விடவில்லை. "ஒங்க காலத் தொட்டுக் கும்புடணுமா? பொடவ வேற கட்டியிருக்கேன், குனிஞ்சா அவுந்துடும்." எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவள் எப்படியோ மேடையேறிவிட்டாள்.

சிப்பாயாக நடிப்பவர் மில்லிலிருந்து இன்னும் வரவில்லை. "நான் தட்டறேன்" என்று சிராஜுதீன் கதவுக்கு அந்தப் பக்கம் போனான். இடித்த வீட்டிலிருந்து வாங்கி வந்து சட்டத்தில் மாட்டியிருந்த பழைய கதவு. அவன் முகம் மறைந்தது.

தட்டினான்.

செல்வாம்பாள் நடந்து வந்தாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அவனை ஒருமுறை கூடக் கூப்பிட்டதில்லை. மற்றவர்கள் 'பாய்' என்றார்கள். அவளுக்கு அது வரவில்லை, பேரும் வரவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவன் திரும்பிப் பார்க்கும்வரை நிற்பாள். இப்போது நடுவில் ஒரு பலகை இருந்தது.

"யாரு?" என்றாள்.

சத்தமாக இல்லை. ஆனால் கடைசி வரிசை பெஞ்சு வரைக்கும் போயிற்று.

அந்தப் பக்கத்திலிருந்து பதில் இல்லை. பதில் இருக்கவும் கூடாது, நாடகம் அப்படி. ஆனாலும் அது நாடகத்துக்கு வேண்டியதைவிட நீண்டது. ஜானகிராமன் மணியில் கை வைத்தபடியே அடிக்க மறந்தார். கதவின் அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன. அவை நகரவில்லை.

பிறகு அவன் இருமினான். அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"புரிஞ்சிடுச்சி தாயி" என்றார் பாவாடை. முக்காட்டை எடுத்துத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டார்.

நவம்பர் முதல் தேதி, பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப்போன விடுதலை நாள். காலையில் அடித்த மழை மத்தியானம் விட்டது. சாயங்காலம் ஹால் நிறைந்துவிட்டது. செல்வாம்பாள் அம்மாவோடு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். "சைகோன் கப்பல். எழுதியவர் சிராஜுதீன்" என்று வாசித்தார்கள். சைகோனிலிருந்து திரும்பி வந்தவர்கள் வீட்டுப் பெண்களும், திரும்பாதவர்கள் வீட்டுப் பெண்களும் அங்கே இருந்தார்கள்.

கதவு தட்டப்பட்டது. பாவாடை எழுந்து வந்து தாழ்ப்பாளில் கை வைத்தார். "யாரு?" என்றார். அவளுடைய நிதானம், அவளுடைய தயக்கம், எதுவும் சிந்தவில்லை. அவள் வார்த்தை ஒன்று மேடையில் நின்றது.

முன் பெஞ்சிலிருந்த வயதான அம்மாள் ஒருத்தி விளிம்பை இறுகப் பிடித்தபடி முணுமுணுத்தாள். "சொல்லித் தொலையேண்டா, பாவி."

திரை விழுந்தது. கைதட்டல் ஓயவே இல்லை.

"யாருடி எழுதனது?" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "மொதல்ல சொன்னாங்களே, காதுல விழல."

"சிராஜுதீன்னு ஒருத்தர்."

அம்மாவை வாசலில் நிறுத்திவிட்டு அவள் மேடைக்குப் பின்பக்கம் போனாள். ஆட்கள் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சிராஜுதீன் அவளைப் பார்த்துவிட்டு வந்தான்.

"வர்ற வருஷம் நான் எழுதப் போறதில்ல டீச்சர்."

"ஏன்?"

"எழுதினா நீங்க எழுந்து பேசிடுவீங்க. என் வாயக் கட்டிடுவாங்க." சிரிக்கப் பார்த்தான். "எனக்கு 'எதிர்வீடு'க்குப் பேசணும். மூணு வருஷமா என்ன பேசணும்னு மனப்பாடமே பண்ணி வச்சிருக்கேன்."

இதைக் கேட்கத்தான் அவள் இத்தனை நாள் ஏங்கிக் கிடந்தாள். கேட்டாயிற்று. ஆனால் காக்கித் தாள் வராத ஒரு வருஷம் அவள் முன்னால் நீளமாகக் கிடந்தது.

"எழுதுங்க" என்றாள். "நான் பேசல. வேற யாராவது பேசட்டும்."

"ஆளில்லாம பெட்டிக்குப் போச்சுன்னா? பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பீங்களா?"

அவள் வாயைத் திறந்தாள். அவன் காத்திருந்தான். பின்னால் யாரோ ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"செல்வா! வெளக்க அணைக்கறாங்க, வா" என்று வாசலிலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

அவள் படியிறங்கினாள். வெளியே தெரு ஈரமாக இருந்தது. கடற்காற்று முகத்தில் அடித்தது. அதில் உப்பு வாசனைதான் இருந்தது. அவள் புதுத்துணி வாசனையைத் தேடிக்கொண்டே அம்மாவின் பின்னால் நடந்தாள்.