மீட்டர்காரம்மாவின் எதிர்காற்று

தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் அந்த அம்மாவுக்கு, எந்தப் பக்கம் திரும்பினாலும், பதினோரு வருடங்களாக எதிர்காற்றுதான் அடித்தது. அது தொடங்கியபோது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்குக் குடிநீர் வாரிய அலுவலகத்தை விட்டு, அன்றைக்குப் பார்க்க வேண்டிய வீடுகளின் பட்டியலோடு வெளியே வந்தாள். முகத்தில் காற்று அடித்தது. போக வேண்டியது தெற்கே. தென்காற்று போல என்று நினைத்துக்கொண்டாள். வேலை முடிந்து வடக்கே திரும்பியபோது காற்றும் வடக்கிலிருந்து வந்தது. தெருவில் ஒரு இலை அசையவில்லை. ஐந்தாவது வாரம் வானிலை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் கருவிகளோடு வந்து, அவளை எட்டுத் திசைக்கும் திருப்பித் திருப்பி நிறுத்தி அளந்தார்கள். எட்டிலும் ஒரே வேகம். ‘காற்று தனிநபர் சார்ந்தது’ என்று ஒரு வரி எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கி, டீ குடித்துவிட்டுப் போனார்கள். அந்தத் துறையிலிருந்து அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

வீட்டில் காற்றோடு குடித்தனம் நடத்தப் பழகிக்கொண்டார்கள். காற்று உள்ளே வராது. அவள் வெளியே வரும்வரை வாசலில் நிற்கும். காகிதங்கள் பறந்ததால் மீட்டர் எண்களை அவள் மனப்பாடமாகவே வைத்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு எண்பது வீட்டு எண்கள், ஒன்றுகூடத் தப்பாது. வெளியில் அவள் பேசுவதெல்லாம் பின்பக்கமாகப் போனதால், கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவள் கணவன் தெருவில் எப்போதும் இரண்டடி பின்னால்தான் நடந்தான். பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று கடையில் கேலி செய்தார்கள். அவள் சொல்வது காதில் விழ வேண்டுமென்றால் வேறு வழியில்லை என்பதை அவன் யாருக்கும் விளக்கப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மட்டும் இதில் லாபம் பார்த்தாள். “ஒரு அஞ்சு நிமிஷம் எங்க கொடியப் பாத்து நில்லுங்களேன், பெட்ஷீட் காஞ்சிடும்” என்பாள். மீட்டர்காரம்மாவும் நிற்பாள். பத்து நிமிட நடை அவளுக்கு முப்பத்தைந்து நிமிடம். பஸ்ஸில் ஏறினால் பஸ் திணறியது; ஓட்டுநர்கள் மரியாதையாகவே அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள். கணவனின் சைக்கிளையும் ஒருமுறை எடுத்துப் பார்த்தாள். மிதிக்கும்வரை போனது. மூச்சு வாங்குவதற்காகக் காலை ஒரு கணம் ஓயவிட்டதும் காற்று வண்டியை அப்படியே பிடித்து நிறுத்தியது. நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள்.

நாத்தனாரோடு பேச்சு நின்றதும் இந்தக் காற்றால்தான். கணவனின் தங்கையான அவள் ஊர்க்கோடியிலிருந்த சைக்கிள் பந்தயத் தளத்தில் வேலை பார்த்தாள். வண்டிகளைப் பழுது பார்ப்பதும் புதிதாக வருபவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் அவள் பொறுப்பு. அவளுடைய திருமணத்தை ஒரு வெள்ளிக்கிழமை பதிவு செய்வதாக ஏற்பாடு. சாட்சிக் கையெழுத்து போட வேண்டியவர்கள் அண்ணனும் அண்ணியும். இருபது நிமிட வழிக்கு இரண்டு மணி நேரம் முன்பே கிளம்பினார்கள். அன்றைக்கென்று காற்று இரண்டு மடங்கு அடித்தது. போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று பத்து; பதிவாளர் ஒரு மணிக்கே பூட்டிவிட்டுப் போயிருந்தார். மாப்பிள்ளை சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து யோசித்துவிட்டு, திங்கட்கிழமை வந்து இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்றார். அந்த யோசனை முடியவே இல்லை. நாத்தனார் சண்டை போடவில்லை, அழவும் இல்லை. அண்ணன் வீட்டுக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். மூன்று வருடம் அப்படிப் போனது.

பதினோராவது வருடம் மீட்டர்காரம்மா ஒரு வீட்டுத் தொட்டிப் பக்கத்தில் மயங்கி விழுந்தாள். இதய மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். இதயச் சுவர் தடித்திருந்தது. “மலை ஏறுறவங்களுக்குக்கூட ஒரு எடத்துல இறக்கம் வரும்மா. உங்களுக்கு இறக்கமே இல்ல. ஒவ்வொரு அடியும் புதுசா ஒரு மூட்டையத் தூக்குற மாதிரி. இப்படியே போனா ரெண்டு வருஷம் தாங்காது” என்றார். வெளியே போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். வாரியம் நீண்ட விடுப்பு கொடுத்தது. அவளுடைய பகுதியை வேறொருவர் பார்த்தார், எண்களைத் தப்பும் தவறுமாக எழுதினார். அவள் வீட்டுக்குள் உட்கார்ந்தாள். முதல் வாரம் அலமாரிகளைத் துடைத்தாள். இரண்டாவது வாரம் மறுபடியும் அதே அலமாரிகளைத் துடைத்தாள். அப்புறம் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, உள்ளே இருந்த மீட்டர் முள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் கடையிலிருந்து வரும்போதெல்லாம் வாசலில் காற்று படலைத் தட்டிக்கொண்டு நின்றது. ஒரு நாள் அவன் அதைப் பார்த்து, “போய்த் தொலையேன்” என்று வாய்விட்டுச் சொன்னான். அன்று சாயங்காலமே தங்கைக்குப் போன் செய்தான்.

விடுப்பின் நாற்பத்தோராவது நாள் காலை நாத்தனார் வந்தாள், ஒரு சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு.

“கதவத் தொறங்க அண்ணி.”

“நீ என்கூட பேசுறியா?”

“பேசாமத்தான் மூணு வருஷம் இருந்து பாத்தாச்சே. ஒண்ணும் பெருசா இல்ல.”

கூடத்து நடுவில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பின் சக்கரத்தைக் கையால் சுற்றினாள். சக்கரத்தோடு பெடலும் சுற்றியது. பின்பக்கம் சுற்றினாள், பெடலும் பின்பக்கம் சுற்றியது. “இது பிக்சட் வண்டி. சாதா சைக்கிள்ல காலை ஓயவிட்டா சக்கரம் தனியா ஓடும், கால் சும்மா இருக்கும். இதுல அந்தக் கதையே கெடையாது. பின்சக்கரமும் செயினும் பெடலும் ஒண்ணோட ஒண்ணு பூட்டியிருக்கு. சக்கரம் ஓடுற வரைக்கும் காலும் ஓடணும். நீங்க அசந்தாலும் வண்டி உங்க காலத் தூக்கி அடுத்த மிதிக்குக் கொண்டு போயிடும். உங்க காத்து புடிக்கிறதே நீங்க ஓயுற அந்த ஒரு நொடியத்தானே? இதுல அந்த நொடியே இல்ல.”

மருத்துவரிடமும் அவளே போய்ப் பேசினாள். மருத்துவர் கையில் ஒரு பேனாவை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் கேட்டார். ஒவ்வொரு அடியும் புதிய மூட்டையாக இல்லாமல், ஒரே சீராக ஓடுமென்றால் கெடுதல் இல்லை, ஒருவேளை நல்லதுகூட என்றார். நாடித்துடிப்பு பார்க்கும் பட்டையைக் கையில் கட்டிக்கொள்ள வேண்டும், முதல் மாதம் ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கூடாது.

தினமும் நாத்தனார் அவளை ஒரு தள்ளுவண்டியில் உட்கார வைத்துத் தளத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். தளம் சிமெண்டால் ஆனது, முட்டை வடிவம், திறந்தவெளி. இரண்டு கோடியிலும் வளைவுகள் சுவர் மாதிரி எழும்பியிருந்தன. முதல் நாள் மீட்டர்காரம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே அரைமணி நின்றாள். பிரேக் எங்கே என்று கேட்டாள். இந்த வண்டிக்கு பிரேக் கிடையாது, காலால்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று தெரிந்ததும் இறங்கப் பார்த்தாள். பாதங்களை வாரால் பெடலோடு கட்டியிருந்ததால் இறங்க முடியவில்லை. கடைசியில் கம்பியை விட்டாள். பத்து மிதி போனதும், பதினோரு வருடப் பழக்கத்தில், நிற்பதற்காகக் காலை விறைப்பாக்கினாள். பெடல் அவளை இருக்கையிலிருந்து ஒரு ஜாண் தூக்கிப்போட்டது. “நிறுத்தாதீங்க! மெதுவா பண்ணுங்க, நிறுத்தாதீங்க!” என்று நாத்தனார் தளத்தின் நடுவிலிருந்த புல்வெளியில் ஓடிக்கொண்டே கத்தினாள். ஒரு சுற்று முடிந்தது. காற்று முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது, ஆனால் வண்டியை அதனால் பிடிக்க முடியவில்லை. கால்கள் தானாகவே மேலும் கீழும் போய்வந்தன. அந்த வருடங்களில் முதல் தடவையாக மீட்டர்காரம்மா, காற்றுக்கு எதிரே, மூச்சு வாங்காமல் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போயிருந்தாள்.

மூன்றாவது வாரம் வளைவில் ஏறக் கற்றுக்கொண்டாள். அந்தச் சரிவில் பயந்து மெதுவாகப் போனால் வழுக்கும். வேகமாகப் போனால் தளமே பிடித்துக்கொள்ளும் என்பதை நம்ப அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. அன்று ஓட்டி முடித்து, நடுப் புல்வெளியில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது, முன்னால் பார்த்தபடியே மீட்டர்காரம்மா சொன்னாள்: “அன்னிக்கு நான் முந்தின ராத்திரியே கெளம்பியிருக்கணும். உன் வாழ்க்கையே போச்சு என்னால.” வழக்கம்போல் அவள் பேச்சு பின்னால் போனது. நாத்தனார் எழுந்து அவளுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

“அந்த ஆளு அடுத்த வருஷமே வேற ஒருத்தியக் கட்டுனான் அண்ணி. அவளும் இங்க ஓட்டிட்டு இருந்தவதான். மொத மாசம் வேலைய விடச் சொன்னான். ரெண்டாம் மாசம் சைக்கிள விக்கச் சொன்னான். இப்ப அவ வீட்டுப் பக்கம் யாரும் போக முடியல. எனக்கு உங்க மேல கோவம் போயி ரெண்டு வருஷமாச்சு. தப்பிச்சேன்னு நெனைக்காத நாள் இல்ல. எப்படி வந்து சொல்றதுன்னுதான் தெரியல, வெக்கமா இருந்துச்சு.”

மீட்டர்காரம்மா அழுதாள். காற்று அடித்ததால் கண்ணீர் கன்னத்தில் இறங்காமல் காதுப்பக்கமாக ஓடியது. நாத்தனார் தன் கைக்குட்டையால் காதுகளைத் துடைத்துவிட்டாள்.

ஆறாவது வாரம் நாத்தனார் ஒன்றைக் கவனித்தாள். நேர்கோட்டில் காற்று அண்ணியின் முகத்துக்கு நேராக இருந்தது. வளைவிலிருந்து வெளியே வரும்போது மட்டும் அவள் சட்டை ஒரு கணம் பக்கவாட்டில் படபடத்தது. தெருக்களில் காற்றுக்கு வேலை சுலபம். மூலை வந்தால் ஒருமுறை திரும்பினால் போதும். இங்கே அவள் ஓயாமல் திரும்பிக்கொண்டே இருந்தாள், அவளைவிட முன்னால் திரும்பி நிற்க அது ஓட வேண்டியிருந்தது. எட்டாவது வாரம் காற்று வளைவு முழுக்கப் பக்கவாட்டில்தான் வந்தது. மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இனி அரைமணி நேரம் ஓட்டலாம் என்றார். கணவன் ஞாயிற்றுக்கிழமைகளில் கடை விடுமுறையில் வந்து கம்பி ஓரமாக நின்று சுற்றுகளை எண்ணினான்.

அது நடந்தது பதினான்காவது வாரம், ஞாயிறு காலை பத்தரை மணிக்கு. இருபத்தொன்பது சுற்று முடிந்திருந்தது. முப்பதாவது சுற்றின் கடைசி வளைவிலிருந்து அவள் வெளியே வந்தபோது எதிரே காற்று இல்லை. அரை நொடி ஒன்றுமே இல்லை. அப்புறம் அது முதுகில் அடித்தது. சுற்றிச் சுற்றி ஓட்டியதில் அவள் காற்றை முந்தி, அதற்கு முன்னால் போயிருந்தாள். பதினோரு வருடம் தள்ளிய தள்ளலெல்லாம் இப்போது பின்னாலிருந்து வந்தது. வண்டி பறந்தது. சக்கரம் ஓடும் வேகத்துக்குக் கால்கள் ஓட வேண்டும்; கால்கள் கண்ணுக்கே தெரியவில்லை. நாடிப்பட்டை கீச்கீச்சென்று கத்தியது. கணவன் கம்பியைத் தாண்டிக் குதித்தான். நாத்தனார் அவனைச் சட்டையோடு பிடித்து இழுத்துவிட்டு, தொண்டை கிழியக் கத்தினாள்: “காலால புடிக்காதீங்க அண்ணி! மேல ஏறுங்க! வளைவுல மேல ஏறுங்க!”

மீட்டர்காரம்மா கைப்பிடியை வலப்பக்கம் லேசாகத் திருப்பினாள். வண்டி சரிவில் ஏறியது, உச்சி வேலி வரைக்கும். ஏற ஏற வேகம் வடிந்தது. அந்த உச்சியில் அவளுக்குக் கீழே, தளத்தின் உள்விளிம்பில் வரைந்த கறுப்புக் கோட்டை ஒட்டி, கொஞ்சம் தூசியும் இரண்டு காய்ந்த இலைகளும் விர்ரென்று கடந்து போனதைப் பார்த்தாள். காற்று அவளை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டது. அவள் மெதுவாக இறங்கி, மெதுவாக மிதித்து, கம்பியைப் பிடித்து நின்றாள்.

“காது அடைச்சுப் போச்சா எனக்கு? ஒண்ணுமே கேக்கல” என்றாள்.

எதிரே நின்ற கணவனுக்கு அது தெளிவாகக் கேட்டது. “நல்லாத்தான் இருக்கு. காத்து இல்ல, அவ்வளவுதான்” என்றான். அவளுடைய ஒரு கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டான். நாத்தனார் வார்களை அவிழ்க்கக் குனிந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அண்ணியின் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள். பிறகு மூன்று பேரும் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள். பஸ் சாதாரணமாகப் போனது. மீட்டர்காரம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, இரண்டு நிறுத்தத்துக்குள் தூங்கிவிட்டாள்.

அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பினாள். தப்பாக எழுதப்பட்ட எண்களையெல்லாம் திருத்தவே அவளுக்கு ஒரு பருவம் போனது. காற்று தளத்தை விட்டு வெளியே வரவில்லை. அவள் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தோ என்னவோ, இடமிருந்து வலமோ வலமிருந்து இடமோ குழம்பாமல், அவள் ஓட்டிய திசையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. தள நிர்வாகம் ஒரு கூட்டம் போட்டு, நேரங்களைக் குறிக்கும் ஏட்டில் காற்றுக்கென்று இன்னொரு கட்டம் சேர்த்தது. காற்றைத் துரத்தி ஓட்டினால் நேரம் குறைந்தது, காற்று துரத்த ஓட்டினால் இன்னும் குறைந்தது. பந்தயக்காரர்கள் இரண்டையும் பழகிக்கொண்டார்கள். போன வாரம் ஒரு மருந்துக்கடைக்காரப் பெண் முதல்முறையாக ஓட்ட வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஏதோ ஒன்று அவளைக் கடந்து போய், முடியைக் கலைத்துவிட்டு, வளைவில் ஏறி மறைந்தது. என்ன அது என்று கேட்டாள்.

“காத்து. இங்கயேதான் சுத்திட்டு இருக்கும், ஒண்ணும் பண்ணாது” என்றாள் நாத்தனார். “செயின் இறுக்கமா இருக்கான்னு பாத்தாச்சு. அது இன்னொரு தடவ போகட்டும், அப்புறம் கைய விடுங்க.”