தீவிர பரிசீலனையில்

...இல்லை, 'உள்ளது' என்று முடித்தால் தம்பிக்கு நம்பிக்கை வரும், 'இல்லை' என்று முடித்தால் எங்கள் துறை இயக்குநருக்கு மாரடைப்பு வரும், இரண்டுக்கும் நடுவில் தமிழில் ஒரு வினைச்சொல்கூடவா கிடைக்காது, பதினேழு வருஷமாக இதே பிழைப்பு, சபையில் மந்திரி எழுந்து நின்று படிக்கிற பதிலை எழுதிக் கொடுக்கிற பிழைப்பு, 'பெட்ரோல் விலை உயர்வைக் கட்டுப்படுத்த அரசு என்ன செய்யப்போகிறது?' என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருத்தர் கேட்பார், அதற்கு ஒன்றரைப் பக்கம் எழுத வேண்டும், ஒன்றேகால் பக்கம் வரைக்கும் கொட்டாவி விடுவார்கள், கடைசி வரிக்குத்தான் காதைத் தீட்டிக்கொள்வார்கள். அந்தக் கடைசி வரி என் மடியில் காலியாகக் கிடக்கிறது, பன்னிரண்டு மணிக்கு சபை, நானோ பெட்ரோல் பங்க் வரிசையில் பதினோராவது காரில் உட்கார்ந்திருக்கிறேன், இதைவிடக் கூத்து வேண்டுமா. நேற்றே பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்கிற விளக்கு எரிந்தது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இடது பக்கம் சுவர், வலது பக்கம் ஒரு லாரி, முன்னால் ஒரு நீலக் கார், பின்னால் எத்தனை என்று கண்ணாடியில் எண்ணி முடியவில்லை, கதவைத் திறந்தால் ஒரு கால் மட்டும் வெளியே வைக்கலாம், உடம்பு வராது. ஒன்பது ஐம்பது.

பத்தரைக்குக் கையெழுத்து என்றான் தம்பி. காலையில் பல்கூடத் துலக்கியிருக்கவில்லை நான், அக்கா, இன்னிக்குப் பத்தரைக்கு கவர்மென்ட் ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போடணும், ஒரு வருஷம் ஒரே ரேட்டு, நர்ஸுங்களை நம்ம வேன்ல ஷிப்டுக்குக் கூட்டிட்டுப் போறது, கூட்டிட்டு வர்றது, இப்ப இருக்கிற பெட்ரோல் விலைக்கே கையைக் கடிக்குது, ஆனா நீங்கதான் குறைக்கப் போறீங்களே, நீ ஒரு வார்த்தை சொன்னா கண்ணை மூடிட்டுப் போட்டுருவேன். நீங்கதான் குறைக்கப் போறீங்களே! நான் என்ன, வீட்டுக் கொல்லையில் எண்ணெய்க் கிணறா வைத்திருக்கிறேன்? அப்புறம் சொல்றேன்டா, குளிக்கணும் என்று வைத்துவிட்டேன், அதற்குப் பிறகு மூன்று தடவை கூப்பிட்டான், எடுக்கவில்லை, ஒரு தடவை குளித்துக்கொண்டிருந்தது நிஜம், மற்ற இரண்டு தடவையும் போனைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன். ஒரு வருஷ ஒப்பந்தம். பெட்ரோல் ஏறினால் அவன் தலையில், இறங்கினால் அவன் பாக்கெட்டில். ஏறப்போகிறது என்று எனக்குத் தெரியும், நேற்று சாயங்காலமே தெரியும், வாடகை வண்டிகளுக்கான வரிச்சலுகைக் கோப்பு திரும்பி வந்துவிட்டது, ஓரத்தில் பச்சை மையில் இரண்டே வார்த்தை, 'தற்போது வேண்டாம்'. மந்திரி படிக்கிறவரை அது ரகசியம், வெளியே சொன்னால் வேலை போகும், அதைச் சாக்காக வைத்துக்கொண்டு போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். சாக்குதான், வேறென்ன.

எல்லாம் அந்த 'தீவிர'வால் வந்த வினை. எங்கள் செக்‌ஷனில் இதற்கெல்லாம் ஒரு வாய்ப்பாடு உண்டு, புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிடுவோம், 'ஆராயப்படும்' என்றால் யாரும் படிக்கவில்லை, 'ஆய்வில் உள்ளது' என்றால் யாரோ படித்துத் தொலைத்துவிட்டார்கள், 'பரிசீலனையில் உள்ளது' என்றால் நடக்காது, 'தீவிர பரிசீலனையில் உள்ளது' என்றால் செத்துவிட்டது, பால் ஊற்றியாயிற்று. கான்டீனில் சாப்பாடு கேட்டால்கூடப் பரிமாறுகிறவர் தீவிர பரிசீலனையில இருக்கு மேடம் என்பார், தீர்ந்துபோய்விட்டது என்று புரிந்துகொண்டு தயிர்சாதத்துக்குத் திரும்பிவிடுவோம், அப்படிச் சிரித்திருக்கிறோம். போன கூட்டத்தொடரில் நான் எழுதினேன், 'வாடகை வாகனங்களுக்கு எரிபொருள் வரிச்சலுகை அளிப்பது அரசின் தீவிர பரிசீலனையில் உள்ளது.' மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது. தம்பி அதைக் கத்தரித்து வேன் கண்ணாடியில் ஒட்டிவைத்தான். ஏறுகிற நர்ஸுகளிடமெல்லாம் எங்க அக்கா எழுதினது என்று காட்டினானாம், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு, ஒரே வீட்டில் பிறந்து ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தோம், நான் எழுதுகிற தமிழ் அவனுக்கு வேறு பாஷை. சொல்லியிருக்கலாம். அன்றைக்கே அதைப் பிய்த்துப் போடு என்று சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன்... ஏன் சும்மா இருந்தேன்?

வண்டி நகர்கிறது, ஒரு கார் நீளம், அவ்வளவுதான். முன்னால் நீலக் காரில் இருப்பவர் முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு லாரிக்காரருக்குப் பாடம் நடத்துகிறார், அரசாங்கம் நினைச்சா முடியாதாங்க, வரியைப் பாதியாக் குறைச்சா நாளைக்கே விலை இறங்குது, எவன் தடுக்கறான்? அது என் பதிலில் இரண்டாம் பத்தி, அண்ணே, நான் எழுதியிருக்கிறேன், குறைக்கலாம், நாளைக்கே இறங்கும், அடுத்த மாசம் ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும், என் தம்பி வேனில் ஏறுவதற்கு யார் இருப்பார்கள்? சரி வரி வேணாம், இதுக்கு மேல விக்கக்கூடாதுன்னு ஒரு விலை போடட்டுமே என்கிறார் லாரிக்காரர். போட்டோமே, போன வருஷம் நான்கு மாசம், பத்தி மூன்று, விலை அப்படியே நின்றது, பெட்ரோல்தான் இல்லை, பங்க்குக்குப் பங்க்கு 'நோ ஸ்டாக்' போர்டு, இதே சுவரை ஒட்டி இதைவிட நீளமான வரிசை. அவசரத்துக்குச் சேர்த்து வெச்சிருக்காங்களே டேங்க் டேங்க்கா, அதைத் திறந்து விடச் சொல்லுங்க என்கிறார் நீலக் கார்க்காரர்... பத்தொன்பது நாளைக்கு வரும், இருபதாவது நாள் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். பஸ்ஸையாவது அதிகமா விடலாம்ல? விடலாம், பஸ் வாங்க ஆர்டர் போட்டிருக்கிறோம், மூன்று வருஷத்தில் வரும். இவர்கள் ரோட்டில் பேசுகிற ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பத்தி எண் இருக்கிறது, ஒவ்வொன்றையும் ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்ளத் தெரியும், பூசி மெழுகுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அதில் ஒன்று மட்டும்... வாடகை வண்டிகளுக்கு மட்டும் சலுகை என்பது... அது நிஜமாகவே செய்யக்கூடிய காரியம், கஜானாவும் தாங்கும், நான்கு லீவு நாளையும் விட்டுக்கொடுத்து உட்கார்ந்து நானே கணக்குப் போட்டு நானே குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். தம்பிக்காகவா? ஆமாம், அவனுக்காகவும்தான், அதில் என்ன ஒளிவு மறைவு. போன கூட்டத்தொடர் பதிலில் இயக்குநர் 'பரிசீலனையில்' என்று மட்டும்தான் போடச் சொன்னார், 'தீவிர' என்பதை நானாகச் சேர்த்தேன். வாய்ப்பாடு தெரிந்த நானே சேர்த்தேன். அந்த ஒரு தடவை மட்டும் அந்த வார்த்தைக்கு அகராதியில் இருக்கிற அர்த்தம் இருக்கட்டும் என்று... அட, இதைக்கூட இப்போதுதான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

போன். இயக்குநர். என்னம்மா, கடைசி வரி அனுப்பிட்டீங்களா, மந்திரி ஆபீஸ்ல ரெண்டு தடவை கேட்டுட்டாங்க. சார், பங்க்ல மாட்டிக்கிட்டேன் சார். சிரிக்கிறார், நல்ல மனுஷன், ஒரு நாள்கூட என்னிடம் உரக்கப் பேசியதில்லை, அதனால்தான் அவருக்கு மறுத்துப் பேசவே வருவதில்லை எனக்கு, போன்லயே சொல்லுங்கம்மா, நான் எழுதிக்கறேன், பழைய வரியையே கொஞ்சம் மாத்திப் போடலாம், பாவம், ஜனங்க எதையாவது பிடிச்சுக்கிட்டு நிக்கணும்ல. சார், கோப்புல வேண்டாம்னு வந்துடுச்சே சார். வந்துடுச்சும்மா, அதுக்காக மூஞ்சியில அடிச்ச மாதிரியா சொல்ல முடியும்? முடியாது. முடியாதுதான். என் வாய் தானாகச் சொல்கிறது, 'உரிய நேரத்தில் உரிய முடிவு எடுக்கப்படும்' என்று போட்டுடுங்க சார். பேஷ் என்கிறார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்த வரி, கேட்டதும் எப்படி வழுக்கிக்கொண்டு வந்து விழுகிறது பார்.

பத்து பதினெட்டு. முன்னால் இன்னும் ஐந்து கார். இனிமேல் போனைக் கவிழ்த்து வைத்தால் நான் மனுஷியே இல்லை, சொல்லிவிட வேண்டியதுதான், வேலை போனால் போகட்டும், போய் வேனில் கிளீனராக நிற்கிறேன். ஒரே ரிங்கில் எடுத்தான். டேய், கையெழுத்துப் போடாதே. கேக்குதா? குறையாதுடா, கோப்பு திரும்பி வந்துடுச்சு, இன்னும் ஏறும், போடாதே. அப்போது அவன் சொன்னான், மெதுவாக, யாருக்கோ கேட்காமல் இருக்க வாயை மூடிக்கொண்டு பேசுகிற மாதிரி, எனக்குத் தெரியும்கா. என்னடா தெரியும்? குறையாதுன்னு தெரியும்கா, மூணு வருஷமா நீங்க பரிசீலிச்சுக்கிட்டேதானே இருக்கீங்க, நான் என்ன குழந்தையா? பின்ன ஏன்டா கண்ணாடியில ஒட்டி வெச்சே, ஏன்டா காலையிலிருந்து உயிரை எடுக்கறே? போடலைன்னா வேன் சும்மா நிக்கும்கா, இன்னொருத்தன் ஆஸ்பத்திரி வாசல்லயே பேனாவோட நிக்கறான், போட்டாலும் நஷ்டம், போடலைன்னாலும் நஷ்டம், ஓடிக்கிட்டே நஷ்டப்படலாம்னு பாக்கறேன், ஆனா இவ ஒத்துக்கமாட்டேங்கறா, வேன் இவ பேர்ல இருக்கு, இவளும் கையெழுத்துப் போடணும், நீ சொன்னா நம்புவா, அந்தப் பேப்பரை இவளுக்காகத்தான் ஒட்டினேன், நீ 'குறையும்'னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுக்கா, மத்ததை நான் பாத்துக்கறேன். நான் வாயைத் திறப்பதற்குள் போன் கை மாறிவிட்டது. அண்ணி என்று என்னைக் கூப்பிடுகிற குரல், தம்பி பொண்டாட்டி, வேனுக்கு யாரை எங்கே எத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும் என்று நோட்டுப் போட்டு நடத்துகிறவள், அதிகம் பேசமாட்டாள், அண்ணி, குறையுமா? நீங்க எழுதினீங்கன்னு இவர் சொன்னாரு, நீங்க சும்மா எழுதமாட்டீங்கல்ல?

பின்னால் ஹாரன். முன்னால் நீலக் கார் நகர்ந்துவிட்டது, இரண்டு கார் நீளம் காலி, நகரத் தோன்றவில்லை. குறையும்மா என்று சொன்னால் போடுவாள், வருஷம் முழுக்க இரண்டு பேரும் ஓடி ஓடித் தேய்வார்கள், குறையாதும்மா என்றால் போடமாட்டாள், அவன் வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டு நிற்பான், என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றும் கேட்கமாட்டான். குறையாதும்மா என்றேன். பதினேழு வருஷத்தில், நம்பிக் கேட்ட ஒருத்தருக்கு நான் சொன்ன முதல் 'இல்லை' இதுதான் என்று நினைக்கிறேன், குரல்கூட என்னுடையது மாதிரி இல்லை. சரி அண்ணி என்றாள். போனைக்கூட அணைக்காமல் எங்கேயோ வைத்துவிட்டாள், தூரத்தில் தம்பி எதையோ சொல்ல ஆரம்பிப்பது கேட்டது, பாதியில் நிறுத்திக்கொண்டான். ஹாரன், ஹாரன், நகருங்கம்மா, தூங்கறீங்களா என்று யாரோ கத்துகிறார்கள், நகர்த்துகிறேன்... சரியானதைத்தானே சொன்னேன், சரியானதைத்தான் சொன்னேன். அந்த நல்ல மனுஷன், என் இயக்குநர், கேட்டபோதெல்லாம் ஒரு நம்பிக்கையை எழுதிக் கொடுத்தேன், சற்று முன்புகூட, ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல், முகம் தெரியாத ஊர் முழுக்கப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும் என்று வாரிக் கொடுத்தேன். என் கூடப் பிறந்தவன் கேட்டது இந்த ஒரு தடவைதான்.