மூன்றாவது வரி

நாற்காலிகள் எல்லாம் நிரம்பிவிட்டதால் அமீனா பீ மேடைக்கு எதிரே மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். பேன்ட்டில் மணல் ஒட்டுமே என்று தயங்கி நின்ற குலாம் ரசூல், பின்னாலிருந்தவர்கள் சத்தம் போட்டதும் மனைவியின் பக்கத்தில் மெதுவாக அமர்ந்தார். அடையாறில் அவருடைய தங்கை வீட்டுக்கு வந்திருந்தார்கள். பெசன்ட் நகர் கடற்கரையில் ப்ளூஸ் இசைத் திருவிழா நடக்கிறது, டிக்கெட் கிடையாது என்று அங்கே யாரோ சொன்னார்கள். தி.நகர் வீட்டுக்குத் திரும்பி ஆளுக்கொரு அறையில் முடங்குவதைவிட இது மேல் என்று அவள்தான் அவரை இழுத்து வந்தாள்.

ரம்ஜானுக்கு முன்னால் ஒருநாள், தன் மெத்தைக் கடையில் வாடிக்கையாளர்கள் முன்னிலையில், "இனிமே இந்தக் கடை படி ஏறாதே" என்று மகன் ஆசிஃபைப் பார்த்துக் கத்தியவர் அவர். பையன் அன்றைக்கே பெங்களூருக்கு ரயில் ஏறிவிட்டான். அதன்பிறகு வீட்டில் அவர் அவன் பெயரை எடுத்ததில்லை. அவள் எடுத்தால் எழுந்து போய்விடுவார். கல்மனசு என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். ஆசிஃப் தன்னோடு போனில் பேசுவதையும் அவரிடம் சொன்னதில்லை.

மேடைக்கு ஷண்முகப்ரியா என்ற பாடகி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். பருத்த உடம்பு, கசங்கிய காட்டன் புடவை. ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்து கிடாரை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். அப்படியொரு கரகரத்த, அகலமான குரலை அமீனா பீ கேட்டதே இல்லை. இங்கிலீஷ் பாட்டு, ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வந்து நின்று, 'இந்த அநியாயத்தைக் கேளேன்' என்று ஆரம்பிப்பது போலிருந்தது. எதையும் மறைக்காத குரல். ஒரு பெண்ணால் இத்தனை பேர் நடுவில் இப்படித் திறந்து பாட முடியுமா என்று வியந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்ததும் ஷண்முகப்ரியா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க கஷ்டத்த ஒரு வரில சொல்லுங்க. அத நான் ரெண்டு தடவ பாடுவேன். மூணாவது வரி என்னுது."

"தண்ணி லாரி வர்ல!" என்றான் ஒருவன்.

அதை இரண்டு முறை உருக்கமாகப் பாடிவிட்டு, "வந்த அன்னிக்குப் பாத்தா எங்க ஊட்ல கொடமில்ல" என்று முடித்தாள். கடற்கரையே சிரித்தது. அமீனா பீ கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சிரிப்பு அடங்குவதற்குள் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. திரும்பினாள். குலாம் ரசூல் எழுந்து நின்றிருந்தார்.

"நான் போன் போட்டா என் புள்ள எடுக்கறதில்ல."

சுற்றிலும் பேச்சு நின்றது. அமீனா பீ அவரை நிமிர்ந்து பார்த்தாள். இவர் போன் போடுகிறாரா? எப்போது? கடையில் ஷட்டரை இறக்கிவிட்டு, உள்ளே தனியாக உட்கார்ந்துகொண்டா?

ஷண்முகப்ரியா அவரையே பார்த்தாள். பிறகு அந்த வரியை முதல்முறை தாழ்வாக, இரண்டாம் முறை கடல்வரை எட்டும்படி பாடினாள். கிடாரைத் தட்டிக்கொண்டே சற்று யோசித்தாள்.

"எடுக்காட்டி இன்னாடா கண்ணு, மணி அடிக்குதுல்ல... அந்தப் பக்கம் நீ கீற."

யாரும் கேட்காமலே ஜனங்கள் அந்த வரியைத் திருப்பிப் பாடினார்கள். குலாம் ரசூல் உட்காரவில்லை. தாளம் தப்பித் தப்பிக் கைதட்டிக்கொண்டு நின்றார். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு தைரியமாக அவரை அவள் பார்த்ததில்லை.

பையிலிருந்து போனை எடுத்து ஆசிஃபைக் கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அம்மி? இன்னா அங்க ஒரே சத்தம்?"

அவள் ஒரு கையால் கணவரின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனை மேடையை நோக்கி உயர்த்திப் பிடித்தாள். கூட்டம் அதே வரியை மறுபடியும் எடுத்தது. உயரே, போனின் சின்ன வெளிச்சத்தில், அழைப்பின் வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.