சந்தனம் கழுவிய இடது கை

ஆயுத பூஜை அன்று பனியன் துணி பின்னும் எங்கள் நிட்டிங் கம்பெனியில் ஒரு மெஷினும் ஓடாது. மற்ற நாளெல்லாம் இரவு பகல் இரைச்சல்தான். அந்த இரைச்சலுக்கு மேலே, மாடி ரூமில்தான் அப்பா எனக்குப் பியானோ வாங்கிப் போட்டார். தங்கதுரை மகள் கீதாஞ்சலி வியன்னாவுக்குப் போய்க் கச்சேரி வாசிக்கிறாள் என்று திருப்பூர் முழுக்கப் பெருமை பேசுவார். பியானோவை வீட்டில் வைக்கலாமே என்றால் மட்டும், "ஊட்ல எடமெங்க கண்ணு இருக்குது" என்பார். கார் நிறுத்த மட்டும் எவ்வளவு இடம் வேண்டுமானாலும் இருக்கும்.

இந்த வருஷம் எனக்கு அந்த ஒரு நாள் அமைதி ரொம்பத் தேவைப்பட்டது. என் இடது கை மோதிர விரல் கொஞ்ச காலமாக என் பேச்சைக் கேட்பதில்லை. பை தூக்கும், பூட்டைத் திறக்கும். பியானோ கட்டையில் வைத்தால் மட்டும் உள்ளங்கைக்குள் சுருண்டுகொள்ளும். வியன்னா டாக்டர் நரம்பு என்றார், கோயம்புத்தூர் டாக்டர் மனசு என்றார், இரண்டு பேரும் ஓய்வெடு என்றார்கள். ஓய்வெடுத்து ஓய்வெடுத்தே ஐரோப்பாக் கச்சேரியெல்லாம் கைவிட்டுப் போனது. மிச்சம் இருந்தது வரும் ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் ஒன்று. அதிலும் சொதப்பினால் பேசாமல் பியானோவை மூடிவிட்டு அப்பாவோடு உட்கார்ந்து ஷிப்மென்ட் பார்க்க வேண்டியதுதான். சின்ன வயதிலிருந்து எனக்கு வேறு எதுவும் தெரியாது. பயமாக இருந்தது.

மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து முடித்த நஞ்சப்பண்ணன் மாடிக்கு வந்தார். அப்பா கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் மெக்கானிக். பியானோவுக்கும் பொட்டு வைக்கப்போகிறார் என்று விலகி நின்றேன். அவர் என் எதிரே வந்து நின்றார்.

"கையக் காட்டுங்க அம்மிணி."

"எதுக்குங்கண்ணா?"

"உங்க ஆயுதம் அதுதானுங்களே."

பத்து விரலிலும் சந்தனம் வைத்தார். "இன்னைக்கு இதுக சாமியோடதுங்க. நாளைக்குப் பூஜை எடுத்தாத்தான் நம்முளுது. அதுவரைக்கும் வேலை குடுக்காதீங்க."

என் கைக்கு இவர் யார் லீவு விடுவது என்று எரிச்சலாக வந்தது. சரிங்க என்று தலையாட்டி அனுப்பி வைத்தேன். எல்லோரும் பொரிப் பொட்டலத்தோடு கிளம்பியதும், குழாயைத் திறந்து இடது கையை மட்டும் கழுவினேன். வலது கைக்கு ஒரு கேடும் இல்லை, அது சாமியோடவே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்கானதில் இடது கை வாசிக்க வேண்டியதை மட்டும் தனியாக வாசித்தேன். மோதிர விரல் வழக்கம்போல் சுருண்டது. சனியனே என்று திட்டிவிட்டு மறுபடி வைத்தேன். கீழே ஒரு மெஷின் ஓடத் தொடங்கியது.

பூஜையன்று எவன் போய் ஓட்டுகிறான் என்று வாசிப்பை நிறுத்தினேன். சத்தமும் நின்றது. வாசித்தேன், ஓடியது. வேகமாக வாசித்தால் வேகமாக, மெதுவாக வாசித்தால் மெதுவாக. இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஹாலில் ஆளே இல்லை. மெயின் சுவிட்ச் அணைந்திருந்தது, அதன்மேல் வைத்த குங்குமம்கூடக் கலையவில்லை. மூலையில் இருந்த மெஷினில் மட்டும் புதிதாகத் துணி இறங்கியிருந்தது. தொட்டால் சூடாக இருந்தது.

புத்தியுள்ளவள் அப்போதே வீட்டுக்குப் போயிருப்பாள். நான் போகவில்லை. படியேறும்போது கைப்பிடிச் சுவரின்மேல் என் இடது கை தானாக வாசித்துக்கொண்டே வந்தது. மோதிர விரல் ஒரு சுரத்தைக்கூட விடவில்லை. மேலே போய் வாசித்தேன், சுருளவில்லை. கீழே எது ஓடினால் எனக்கென்ன என்று பொழுது சாயும்வரை வாசித்தேன். சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

மறுநாள் பூஜை எடுக்க வந்த நஞ்சப்பண்ணன் என் வலது கைச் சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தார். பிறகு இடது கையைப் பார்த்தார். துடைத்துப் பூஜை எடுக்க அதில் ஒன்றும் இல்லை.

"இதை எப்பங்க கழுவுனீங்க?"

"நேத்தேங்கண்ணா. வெரல் சரியாயிருச்சு."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைமேல் என் இடது கை விரல்கள் லேசாகத் தட்டிக்கொண்டிருந்தன. "கொஞ்சம் நிறுத்துங்க பாக்கலாம்" என்றார். நிறுத்தினேன். நின்றது, கொஞ்சம் பிந்தி.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் அப்பா, வெளுத்த வேட்டி சட்டையில். நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. எந்த விரலும் பிசகவில்லை. கடைசி சுரத்தை அழுத்தி, அது ஓயும்வரை காத்திருந்து, இரண்டு கையையும் எடுத்தேன்.

வலது கை வந்தது. இடது கை வரவில்லை.

எழுந்து கைதட்ட ஆரம்பித்தவர்கள், இன்னொன்று வாசிக்கிறாள் போலிருக்கிறது என்று உட்கார்ந்தார்கள். நான் எங்கும் கேட்டிராத ஒன்றை அது வாசித்துக்கொண்டிருந்தது. வலது கையால் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. நான் பிடித்திருப்பதே அந்தக் கைக்குத் தெரியவில்லை. "இது நான் இல்லீங்க" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், யாருக்கும் கேட்கவில்லை. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு வலது கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்களைப் போல நானும் கேட்க ஆரம்பித்தேன். நான் ஒருநாளும் இவ்வளவு நன்றாக வாசித்ததில்லை.