அக்கரைச் சங்கு

1

ஒரு காட்சியிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. தெற்குப் போர்ச்சுகலில், ஆறு கடலில் சேரும் எங்கள் ஊரில், பழைய மத்தி மீன் டப்பா ஆலையை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து அங்கே போயிருந்தேன். காவலர் ஆலைச் சங்கை ஊதிக் காட்டினார். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டோம். ஒரு வயதான அம்மாள் மட்டும் பொத்தவில்லை. பக்கத்தில் நின்ற பெண் அழுதுகொண்டிருந்தாள். நான் கண்டது அவ்வளவே. மற்றதெல்லாம், பெயர்கள் உட்பட, கற்பனை. அந்தப் பெண் இதைப் படிக்க நேர்ந்தால் பொறுத்துக்கொள்ளட்டும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: கடல் அன்று வெள்ளித் தகடுபோல்

(நிறுத்திவிட்டேன். அழுகிறவளை நிற்கவைத்துவிட்டுக் கடலை வர்ணிப்பது மரியாதை இல்லை.)

மறுபடியும்: லூர்தெஸ் தன் தாய் கிராசியெத்தை ஓர் ஆசையோடு அழைத்து வந்தாள். தாய்க்கு நினைவு தேய்ந்துகொண்டிருந்தது. மகளின் பெயர் அவள் வாயில் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. "அந்தப் பொம்பள நல்லவ, சூப்பு ஆத்திக் குடுக்குறா" என்று மகளைப் பற்றி மகளிடமே சொல்வாள். இளமை முழுக்க இந்த ஆலையில் மத்தி அடுக்கியவள். சங்கு கேட்டால் ஏதாவது திரும்பி வராதா, ஒரே ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாளா என்று லூர்தெஸ் ஏங்கினாள்.

[சங்கைப் பற்றி ஒரு குறிப்பு. மீன்படகு கரை சேர்ந்ததும் பெண்களை வேலைக்கு அழைத்துச் சங்கு ஊதும், அது எந்த நேரமானாலும். ஒவ்வோர் ஆலைக்கும் ஒவ்வொரு குரல். தூக்கத்திலும் தங்கள் ஆலையின் குரலைப் பிரித்தறிந்து பெண்கள் ஓடுவார்கள், பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு. பூட்டிய கதவைத் தட்டித் தட்டி அழுத பிள்ளைகளில் லூர்தெஸும் ஒருத்தி. அதைப் பற்றி அவள் தாயிடம் ஒருநாளும் கேட்டதில்லை.]

3

லூர்தெஸின் கணவன் அமில்காரைச் சிரிப்புக்காகச் சேர்த்துவிட்டேனோ என்று சந்தேகம்.

"அத்தை, இங்க அடுக்குன மீனெல்லாம் டப்பாவுக்குத்தான் போச்சா, இல்ல பாதி மடியில வீட்டுக்கு வந்துச்சா?"

"யாருப்பா நீ? இவ்ளோ பெரிய வாய வச்சிக்கிட்டு எந்த டப்பாவுல அடங்குவ?"

அவனை எடுத்துவிடத்தான் இருந்தேன். ஆனால் அவன் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய், காட்சிக்கு வைத்திருந்த முக்காலியை இழுத்து, மாமியாரை மீன் அடுக்கும் பளிங்கு மேசை முன்னால் உட்காரவைத்தான். காவலர் பார்த்தும் பார்க்காதவராக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இருவரும் கதையில் இருக்கட்டும். கடவுள் பெரும்பாலும் இந்த அளவுக் காரியங்களில்தான் நடமாடுகிறார் என்று நம்புகிறவன் நான்.

4

சங்கு ஊதியது.

லூர்தெஸ் தாயின் முகத்தையே பார்த்தாள். அதில் ஒன்றும் அசையவில்லை. மேசைமேல் ரப்பர் மீன்கள் கிடந்தன. கைகள் அவற்றைத் தொடவில்லை. இதுவும் போய்விட்டதா என்று நினைத்தபோதுதான் லூர்தெஸுக்கு அழுகை வந்தது.

"எதுக்கு அழுவுற அக்கா?" என்றாள் கிராசியெத். "இது நம்ம சங்கு இல்ல. அக்கரை ஆலைக்காரங்களது. நம்மளது இன்னும் ஊதல. உக்காரு."

காவலர் தொப்பியைக் கழற்றினார். "அவங்க சொல்றது சரிதாம்மா. இந்த ஆலைச் சங்கு எப்பவோ உடைஞ்சு போச்சு. இது அக்கரையிலேர்ந்து கொண்டாந்து மாட்டுனது. இதுவரைக்கும் ஒருத்தரும் கண்டுபிடிச்சதில்ல."

கிராசியெத் லூர்தெஸின் கையைப் பிடித்து இழுத்து, குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, ஒரு ஒத்தாசை. நம்ம சங்கு ஊதுனா நான் ஓடணும். எம் பொண்ணு தூங்குறா. முழிச்சா கதவத் தட்டித் தட்டி அழுவா. தெருமுனை வரைக்கும் எனக்குக் கேக்கும். திரும்பிப் பாத்தா கால் நகராதுன்னு பாக்காமலே ஓடிருவேன். சாவிய உங்கிட்ட குடுத்துட்டுப் போறேன், கொஞ்சம் பாத்துக்கிறியா? லூர்தெஸுன்னு கூப்புடு, அடங்கிருவா."

லூர்தெஸ் கேட்க வந்த பெயர் அதுதான்.

கிராசியெத் வெறும் கையை நீட்டி, அதில் இல்லாத சாவியை மகளின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

5

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மகள், "அம்மா, நான்தாம்மா அந்த லூர்தெஸ்" என்கிறாள். அது உண்மை. ஆனால் ஒரு தாய், பிள்ளையின் சிறுவயதை ஒரு நொடியில் இழக்க வேண்டியிருக்கும். மற்றதில், "நான் பாத்துக்கிறேன், நீ போயிட்டு வா" என்கிறாள். அதில் மகள் தன்னையே

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

கிராசியெத் பதிலுக்காக அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சாவி லூர்தெஸின் கையில் இருக்கிறது. என்ன சொல்லலாம் என்று நீங்கள் சொல்லுங்கள். அவசரமில்லை. அவர்களுடைய சங்கு இன்னும் ஊதவில்லை.